ரெண்டு பூட்டுத் தொட்டி

உக்காருங்க அண்ணாச்சி, எடம் இருக்கு. அந்த மூலையில மட்டும் சாஞ்சிராதீக, வெத்தலை எச்சி. 'இங்கே துப்பாதீர்'னு எழுதிப் போட்டிருக்கு பாருங்க, அந்த எழுத்து மேலயே துப்பியிருக்கான். ரெண்டு நகராட்சிக்குத் தண்ணி பங்கு வைக்கிற ஆபீசு இது. இங்க கொழாயத் தொறந்தா காத்துதான் வரும். அதிகாரிமாரு கேன் தண்ணி வாங்கிக் குடிக்காக.

நீங்க எதுக்கு வந்தீக? புது இணைப்புக்கா. குடுப்பாக, கொழாய் குடுப்பாக. தண்ணி வருமான்னு மட்டும் கேட்டுராதீக.

நானா? நான் விசாரணைக்கு வந்திருக்கேன். அட, தள்ளி உக்காராதீக, குத்தவாளி நான் இல்ல. நான் சாட்சி. குத்தவாளி அந்தா, கடைசி பெஞ்சுல பச்சைப் பைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க, அவன். தவசிலிங்கம்னு பேரு. கோட்டையூத்து நகராட்சியில தண்ணி தொறந்து விடுற ஆளு. எனக்கு சேந்தனேரி நகராட்சி, அதே வேலை. பேரு சோலைமலை. அவன் பதினேழு வருசமா தினக்கூலி. வர்ற தை மாசம் நிரந்தரம் பண்ணி ஆர்டர் வரணும். இன்னைக்கு நான் உள்ள போய் என்ன சொல்றேனோ அதுலதான் அவன் வேலை நிக்கிறதும் போறதும். போச்சுன்னா, அம்பத்திரண்டு வயசுல எவன் கூப்பிட்டு வேலை குடுக்கப்போறான்.

பாவமாத்தான் தெரியும் பாக்க. அந்த ஊருக்காரன் மூஞ்சியே அப்படி. நான் மனசுல உள்ளத நேருக்கு நேரா சொல்றவன் அண்ணாச்சி, எனக்கு ஒளிச்சுப் பேசத் தெரியாது. கோட்டையூத்துக்காரன்னாலே எனக்கு ஆகாது. எங்க ஊருக்கும் அவங்க ஊருக்கும் நடுவுல ஒரு ஓடைதான். அதுல அவங்க சாக்கடைய விட்டிருக்கானுக. நாங்களும் விட்டிருக்கோம்னு வைங்க. இருந்தாலும் மொதல்ல விட்டவன் அவன்தான்.

வெவரத்தச் சொல்றேன். முப்பது கிலோமீட்டர் தள்ளி ஆத்துல கெணறு. அங்கருந்து ஒத்தக் கொழாய்ல வருது தண்ணி. ஓடைப்பாலத்துக்கிட்ட வந்து ரெண்டாப் பிரியுது, ஊருக்குப் பாதி. பிரியிற எடத்துல பூமிக்குள்ள ஆள் ஒசரத்துக்கு ஒரு தொட்டி. உள்ள ஊருக்கு ஒண்ணா ரெண்டு வால்வு. மேல இரும்பு மூடி. அந்த மூடிக்கு ரெண்டு பூட்டு, எங்க நகராட்சிப் பூட்டு ஒண்ணு, அவங்க நகராட்சிப் பூட்டு ஒண்ணு. முந்தி இதுல வெட்டுக்குத்து ஆகிப்போய் அதிகாரிமாரு பண்ணி வச்ச ஏற்பாடு இது. அவன் இல்லாம நான் தொறக்க முடியாது, நான் இல்லாம அவன் தொறக்க முடியாது. பதினேழு வருசம் அண்ணாச்சி. என் பொண்டாட்டி மூஞ்சில முழிச்சத விட அவன் மூஞ்சில முழிச்சது அதிகம்.

தெனம் காலையில ஆறு மணிக்கு அங்க நிக்கணும். கொழாய்ல காத்து அடைச்சுக்கும், அதப் புடுங்கி விடாட்டி தண்ணி தேங்கி நின்னுரும். ஒருத்தன் உள்ள எறங்கணும், ஒருத்தன் மேல நிக்கணும். ஒத்தைப்படைத் தேதிக்கு நான் எறங்குவேன், ரெட்டைப்படைக்கு அவன். எறங்குறவன் தன் சாவிய மேல நிக்கிறவன் கையில குடுத்துட்டுத்தான் எறங்கணும். அது எங்களுக்குள்ள வழக்கம். ரெண்டு சாவியும் எவன் கையில இருக்கோ, அவன்தான் அந்நேரத்துக்கு ஜவாப்பு. உள்ள இருக்கிறவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னாலும் அவன்தான், தண்ணிக்கு ஒண்ணு ஆச்சுன்னாலும் அவன்தான்.

வேலை முடிஞ்சதும் அவன் பைக்குள்ளருந்து பிளாஸ்க்க எடுப்பான். டீ. ரெண்டு டம்ளர் எடுப்பான். "குடிங்கண்ணே"ம்பான். ஒருநாள் வாங்குனதில்ல நான். கோட்டையூத்துத் தண்ணியில போட்ட டீய எவன் குடிப்பான். ஒரே கொழாய்த் தண்ணிதான், தெரியும் எனக்கு. ஆனாலும் எறங்காது. பதினேழு வருசமா நீட்டுறான், நான் பதினேழு வருசமா வேணாங்கேன். வெக்கங்கெட்டவன். சித்த முன்னாடி இங்கயும் நீட்டுனான்.

இப்ப ஒண்ணு சொல்றேன், மனசோட வச்சுக்கோங்க. நான் எறங்குற அன்னைக்கு, அவங்க ஊரு வால்வுச் சக்கரத்த வலது பக்கமா ஒரு கால் சுத்து இறுக்கி விட்டுருவேன். இது எல்லா ஊர்லயும் உள்ளதுதான். தொட்டிக்குள்ள இருட்டு, மேல நிக்கிறவனுக்குத் தெரியாது. எனக்காகவா செஞ்சேன்? எங்க ஊர்ல கடைசித் தெரு கருவேலந்தெரு, மேடு வேற. அங்க தண்ணி ஏறணும்னா அவனுக்குக் கொஞ்சம் கொறைஞ்சாத்தான் ஆகும். என் வீடும் அந்தத் தெருதான், அது வேற விசயம்.

ரெண்டு நாள் கழிச்சு எறங்கிப் பாத்தா, சக்கரம் பழைய எடத்துல வந்து நிக்கும். நடுவுல எறங்குனவன் அவன்தான? திருட்டுப்பய, தன் ஊருக்குக் கூட்டி வச்சுக்கிறான்னு நான் மறுபடி இறுக்குவேன். அவன் மறுபடி தளர்த்துவான். இப்படியே ஓடுச்சு காலம். வாயத் தொறந்து நானும் கேட்டதில்ல, அவனும் சொன்னதில்ல.

சித்திரையில அவங்க ஊரு வால்வு ஒடைஞ்சுபோச்சு. இந்த ஆபீசுலருந்து புதுசு அனுப்புனாக. ஃபிட்டர் வந்து மாட்டி, சரிபாதிக்கு நிறுத்தி வச்சுட்டுப் போனாரு. மறுநாள் காலையில இந்தத் தவசிலிங்கம் எங்கிட்ட வந்து, "அண்ணே, இது எதிர்ச்சுத்து வால்வாம். வலது பக்கம் திருகுனா தொறக்குமாம், எடது பக்கம் திருகுனா அடைக்குமாம். ஃபிட்டர் சொன்னாரு. தெரிஞ்சு வச்சுக்கோங்க"ன்னான்.

நான் என்ன கேணயனா? இருவத்தாறு வருசமா இந்தக் கையி வால்வு திருகுது. உலகத்துல எந்த வால்வும் வலது பக்கம் திருகுனா அடைக்கும். இவன் எதுக்கு எங்கிட்ட வந்து இதச் சொல்றான்? நான் இறுக்குறது தெரிஞ்சுபோச்சு, என்னை ஏமாத்தி எடது பக்கம் திருகவச்சு, தன் ஊருக்குத் தண்ணிய அள்ளிக்கிடப் பாக்கான். அப்படித்தான் பட்டுச்சு எனக்கு. "சரிப்பா"ன்னுட்டு, அன்னைக்கே எறங்கி வலது பக்கம் அரைச் சுத்து இறுக்குனேன். புதுச் சக்கரம் கிரீச்சுனு சத்தம் போட்டுச்சு. கைநெறைய கிரீஸ அள்ளி அப்பிவிட்டேன் அதும்மேல.

வைகாசியில கருவேலந்தெருவுக்குத் தண்ணி கொறைஞ்சுச்சு. ஆனியில நூலு மாதிரி வந்துச்சு. நான் முக்கால் சுத்து இறுக்குறேன், இன்னும் கொறையுது. எல்லாம் அவன் வேலைதான்னு பல்லக் கடிக்கேன். தெருப் பொம்பளைக என் வீட்டு வாசல்ல காலிக் கொடமா அடுக்கி வச்சுட்டுப் போயிட்டாக. எம்பொண்டாட்டி செல்லக்கனி அந்தக் கொடத்த எல்லாம் தாண்டித்தான் வெளிய போகணும். அவ ஒருநாள் சொன்னா, "ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சம் வருது பாத்தீகளா? நீங்க எறங்குற அன்னைக்குத்தான் சொட்டுகூட வரல"ன்னு. இவளுக்கு என்ன தெரியும் தொழிலப் பத்தி. ரெட்டைப்படைத் தேதியில மட்டும் தண்ணி வருதுன்னா, அன்னைக்குக் கள்ளன் பயந்து கைய அடக்கிக்கிறான்னுதான அர்த்தம். வாய மூடுன்னேன்.

அப்புறம் எங்க வார்டு கவுன்சிலரு கூப்பிட்டு விட்டாரு. வெள்ளை வேட்டி, வாயெல்லாம் பாக்கு. "ஆதாரம் இருந்தாக் குடு சோலைமலை, மறியலப் போட்டுருவோம்"னாரு. அந்தாளு சொந்தமாவே லாரித் தண்ணி வியாபாரம் பண்றவரு. எங்களுக்குத் தண்ணி வரலன்னாத்தான் அவருக்குப் பொழப்பு. அவரு பேச வந்துட்டாரு நாயத்த. பக்கத்துல நிக்கவே அசிங்கமா இருந்துச்சு எனக்கு. ஆனா செல்போன அவருதான் குடுத்தாரு.

ஆடி எட்டாந்தேதி. அவன் எறங்குற நாளு. சாவிய என் கையில குடுத்தான், எறங்குனான். நான் மேல நின்னுக்கிட்டு, அவன் சாவிய ஒரு கையில வச்சுக்கிட்டு, மறு கையால செல்போன் வெளிச்சத்தப் போட்டுப் படம் புடிச்சேன். ரெண்டு கையாலயும் சக்கரத்தப் புடிச்சுத் திருகிக்கிட்டு இருக்கான். அவங்க ஊரு வால்வ. வெளிச்சம் பட்டதும் நிமிந்து பாத்தான். மேல வந்து, பிளாஸ்க்க எடுத்து, "குடிங்கண்ணே"ன்னான். எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க.

படம் ரெண்டு ஊரும் சுத்துச்சு. மறியல் நடந்துச்சு. போலீசு வந்துச்சு, இந்த ஆபீசுலருந்து ஆளு வந்துச்சு. தொட்டிக்கிட்டயே நிறுத்தி வச்சு, "எதுக்குய்யா சக்கரத்துல கை வச்ச?"ன்னு கேக்காக. அவன் என்னையப் பாத்தான். என்னையவே பாத்தான். பெறகு, "சரி பண்ணுனேன் சார்"ன்னான். அம்புட்டுத்தான். என்னத்தச் சரி பண்ணுன, எவன் கெடுத்தத சரி பண்ணுனன்னு கேட்டதுக்கு வாயத் தொறக்கல. விசாரணை முடியிற வரைக்கும் வேலைக்கு வராதன்னுட்டாக.

அன்னைக்குப் பொழுது சாயுறப்ப என் வீட்டு வாசல்ல வந்து நிக்கான். ஓடையத் தாண்டி எங்க ஊருக்குள்ள அவன் வந்தது அதான் மொதத் தடவை. அடிக்க வந்திருக்கான்னு நெனச்சேன். இடுப்புக் கயித்துலருந்து சாவிய அவுத்து நீட்டுறான். "எங்க ஊர்ல இன்னும் ஆள் போடலண்ணே. நாளைக்கி மூடியத் தொறக்காட்டி ரெண்டு ஊருக்கும் தண்ணி நின்னுரும். நீங்களே ரெண்டையும் தொறந்துக்கோங்க"ங்கான். செல்லக்கனி குடிக்கத் தண்ணி குடுத்தா. வீட்ல இருந்ததே அந்த ஒரு செம்புதான். பாதிக்கு மேல குடிக்கல அவன். வச்சுட்டுப் போயிட்டான்.

அந்தச் செம்பப் பாக்க எனக்கு எரிச்சலா வந்துச்சு. என்ன நடிப்பு. மறுநாளு ரெண்டு சாவியும் எங்கிட்ட. தட்டிக் கேக்க ஆளில்ல. எறங்கி வலது பக்கம் ஒரு முழுச்சுத்து இறுக்குனேன். அதுக்கு மறுநாள் இன்னொரு சுத்து. அதுக்கும் மறுநாள் இன்னொண்ணு. கோட்டையூத்துக்காரனுக்கு நாக்கு வறண்டு தொங்கட்டும்னு இறுக்குனேன்.

நாலாம் நாள் சேந்தனேரி பூராம் ஒரு சொட்டு இல்ல. கருவேலந்தெரு மட்டுமில்ல அண்ணாச்சி, ஊரு பூராம். ஆஸ்பத்திரியிலகூட இல்ல. எனக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சு. அவன்தான் இல்லையே, இப்ப எவன் திருடுறான்? சைக்கிள எடுத்துக்கிட்டு கோட்டையூத்துக்குப் போனேன். அங்க டேங்கி நெறைஞ்சு மேலருந்து கொட்டிக்கிட்டிருக்கு. ரோட்டுல ஆறா ஓடுது. ஒருத்தன் லாரி கழுவுறான். மாட்டக் குளிப்பாட்டுறான் ஒருத்தன். சின்னஞ்சிறுசுக அதுல படுத்துப் பெரளுதுக.

நேரா தொட்டிக்கு வந்து, ரெண்டு பூட்டையும் தொறந்து எறங்குனேன். மேல எவனும் நிக்கல. சக்கரத்துல இருந்த கிரீஸ நகத்தால வழிச்சேன். உள்ள அம்புக்குறி போட்டிருந்துச்சு. 'திற'ன்னு எழுதி, வலது பக்கம் பாத்து அம்புக்குறி.

பேசாதீக அண்ணாச்சி, ஒண்ணும் சொல்லாதீக. எனக்கே தெரியுது. நான் இறுக்குனது பூராம் தொறந்து விட்டிருக்கேன். எங்க ஊருத் தண்ணிய நானே எடுத்து அவனுக்கு ஊத்தியிருக்கேன், ஒத்தைப்படைத் தேதிக்கெல்லாம். அவன் ரெட்டைப்படைத் தேதிக்கு எறங்கி, அவன் ஊருத் தண்ணிய அடைச்சு, எங்க ஊருப் பங்க எங்களுக்குத் திருப்பிக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கான். அதத்தான் நான் படம் புடிச்சிருக்கேன்.

சக்கரத்த எடது பக்கம் சுத்திப் பழைய எடத்துக்குக் கொண்டாந்து வச்சேன். அன்னைக்குச் சாயங்காலம் கருவேலந்தெருவுல தண்ணி வந்துச்சு. எப்படி வந்துச்சு தெரியுமா, மாடிக்கு ஏறுச்சு. ஊரே என்ன பேசுச்சு? "பாத்தியா, அந்தத் தவசிலிங்கத்த வெரட்டுன நாலாம் நாளே தண்ணி வந்துருச்சு. திருடன் அவன்தான்"ன்னு பேசுச்சு. கவுன்சிலரு பஜார்ல மேடை போட்டு எனக்குப் பொன்னாடை போத்துனாரு. அந்தப் பாக்கு வாயோட கட்டிப்புடிச்சாரு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன் அண்ணாச்சி, சத்தியமா. ஆனா பொன்னாடைய வேணாம்னு சொல்லல. வீட்ல இருக்கு. செல்லக்கனி அதத் தொடமாட்டேங்கா. அவளுக்கு நான் ஒண்ணும் சொல்லல. தேதிய எண்ணிப் பாத்தே கண்டுபுடிச்சிருப்பா போல.

எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாசம். இப்பப் போய் நான்தான் கை வச்சேன்னா, பென்சன் போச்சு. மூத்த மக ரெண்டு புள்ளையோட வந்து வீட்ல உக்காந்திருக்கா. என்ன சொல்லுவீக நீங்க?

இந்தா, கூப்பிடுறாக. வர்றேன் சார். அண்ணாச்சி, போயிராதீக. இந்தப் பையப் பாத்துக்கோங்க.

இருக்கீகளா. நல்லவேளை.

தண்ணி இருக்கா உங்ககிட்ட? வேணாம், கேன் தண்ணியா, வேணாம்.

உள்ள ஒரு பொறியாளரம்மா. கண்ணாடி போட்டுக்கிட்டு. நான் போறதுக்கு முன்னாடியே எல்லாம் டைப் அடிச்சு மேசை மேல ரெடியா இருக்கு. நான் இன்னும் வாயே தொறக்கல, என் வாக்குமூலம் ரெடி. பாருங்க இவங்க லட்சணத்த. "தவசிலிங்கம் வேலையில இல்லாதப்ப தண்ணி சரியாச்சா?"ன்னாக. ஆச்சுன்னேன். "அம்மா, அந்த வால்வு எதிர்ச்சுத்து வால்வும்மா"ன்னு ஆரம்பிச்சேன். சொன்னேன் அண்ணாச்சி, சொல்லலன்னு நெனைக்காதீக, சொன்னேன். அந்தம்மா பேனாவக் கீழ வச்சாக. "அது எங்க ஆபீசு வாங்குன வால்வு. அதப் பத்தி இப்ப விசாரணை இல்ல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அவரு கையி சக்கரத்துல இருந்துச்சா, இல்லையா?"ன்னாக.

இருந்துச்சான்னு கேட்டா என்ன சொல்றது? இருந்துச்சுதான. இருந்துச்சுன்னேன். அது பொய்யா? "வேற யாரு கையாச்சும் இருந்துச்சா?"ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கலையே. அவங்களுக்கு அது வேண்டாம். அவங்க வாங்குன வால்வு வெளிய வரக் கூடாது, என் கை வெளிய வரக் கூடாது. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். கையெழுத்துப் போடுங்கன்னாக. போட்டுட்டேன்.

த்தூ. எச்சியே வரமாட்டேங்கு. இந்தச் செவருல துப்புனவனெல்லாம் இங்க கையெழுத்துப் போட்டுட்டு வந்தவனாத்தான் இருப்பான். அருவருப்பா இருக்கு அண்ணாச்சி. இந்த ஆபீசு, அந்தக் கவுன்சிலரு, ரெண்டு ஊரு, எல்லாம். என் கையையே மோந்து பாத்தா கிரீஸ் நாறுது. எட்டு நாளா சோப்புப் போடுறேன்.

ஒரு ஒதவி செய்யணும் நீங்க. இந்தாங்க, இது கோட்டையூத்துச் சாவி. இத அவன் கையில குடுத்துருங்க. நான் பின்பக்கமாப் போயிருறேன். ரெண்டு சாவியும் எங்கிட்ட இருக்கக் கூடாது. சொன்னேன்ல, ரெண்டும் எவன் கையில இருக்கோ அவன்தான் ஜவாப்பு. நீங்க அசலூரு, உங்களுக்கு ஒண்ணும் வராது. ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், குடுத்துட்டு வந்துருங்க. அவனும் ஒண்ணும் கேக்கமாட்டான். அவன் கேக்குற ரகம் இல்ல.

என்ன அண்ணாச்சி, கைய இழுத்துக்கிறீக? சாவிதான. வெறும் சாவி. இந்தாங்கன்னா.

சரி, வேணாம். பெஞ்சு மேல வச்சுட்டுப் போறேன். பின்வாசல் எந்தப் பக்கம்? பூட்டிக் கெடக்கா. நல்லா பூட்டுவானுகளே, இத மட்டும்.

எந்திரிச்சுட்டான். இங்கதான் வர்றான். பைக்குள்ள கைய விடுறான் பாருங்க.

பிளாஸ்க்கு. ரெண்டு டம்ளர் எடுக்கான், அண்ணாச்சி.